மீன்தொட்டிப் பாசி: ஒரு நீண்ட வழக்கின் குறிப்புகள்

செடி வைத்த மீன்தொட்டி வளர்க்கிறவர்களுக்கு அந்தக் கறுப்புப் பாசியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இலையோரத்தில் முதலில் மை தெறித்த மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ரெண்டு மூணு வாரத்தில் ஷேவிங் பிரஷ்ஷை நறுக்கி ஒட்டினது போலக் கொத்துக் கொத்தாக நிற்கும். விரலால் தேய்த்தால் வராது. நகத்தால் சுரண்டினால் இலைதான் கிழியும். பாசி அப்படியே இருக்கும். ஹாபிக்காரர்கள் இதை 'பிளாக் பிரஷ் ஆல்கே' என்பார்கள், சுருக்கமாக பிபிஏ. ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'பின்ஸல் ஆல்கே'. பின்ஸல் என்றால் தூரிகை. எந்த ஊர்க்காரன் பார்த்தாலும் ஒரே ஞாபகம்தான் வருகிறது போல.

கறுப்பாகத் தெரிந்தாலும் இது சிவப்புப் பாசி இனம். ஒரு கொத்தைப் பிடுங்கி ஆல்கஹாலில் போட்டுப் பாருங்கள். பச்சையம் கரைந்து போய், உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே தெரியும். நோன்பு திறக்கும்போது பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, வில்லை போட்டு வைப்பார்களே கடல்பாசி, அந்த அகர் அகரும் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பதுதான். நம்ம தொட்டி வில்லனுக்குச் சொந்தக்காரர்கள் சமையலறையிலும் உண்டு.

இதை ஒழிக்க என்ன வழி என்று கேட்டால்தான் வேடிக்கை ஆரம்பிக்கும். கொளத்தூர் மீன் கடைகளில் கடைக்குக் கடை ஒரு யோசனை. லைட்டைக் குறைக்கச் சொல்வார் ஒருத்தர். அடுத்தவர் கரியமில வாயுவைக் கூட்டச் சொல்வார். நத்தை விடு, இறால் விடு, மீன் விடு, மருந்து ஊத்து. இணையத்தில் தேடினால் இன்னும் குழப்பம். 'தண்ணீரில் பாஸ்பேட் இருக்கு, அதை எடுத்துவிடு, பாசி போய்விடும்' என்று ஒரு பக்கம். 'பாஸ்பேட் போதவில்லை, வாங்கிப் போடு, பாசி போய்விடும்' என்று இன்னொரு பக்கம். ஒரே நோய்க்கு நேர் எதிரான ரெண்டு வைத்தியம்; ரெண்டுக்கும் குணமான சாட்சிகள் வேறு இருக்கிறார்கள்!

இந்த யோசனைகள் ஒவ்வொன்றும் எங்கே, எப்போது பிறந்தன என்று தேடிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஊர் உண்டு, வருஷம் உண்டு, காரணமும் உண்டு. அந்தக் குறிப்புகள்தான் கீழே வருவது.

அதற்கு முன் சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'பாசி' என்கிற சொல் ரொம்பப் பரந்த மனசு கொண்டது. கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, மழைக்காலச் சுவரில் படர்வதும் பாசி, குளத்தில் வேரூன்றி வளரும் கொடிகளும் பாசிதான். வேலம்பாசி உண்மையில் பூப் பூக்கும் செடி. ஆனால் பெயரில் பாசி ஒட்டிக்கொண்டது. மீன்தொட்டிக்காரனுக்கு இந்தத் தாராளம் கட்டுப்படியாகாது. அவன் போராட்டமே பாசிக்கும் பாசிக்கும் நடுவில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் வேர், இலை, தண்டு உள்ளதைச் செடி என்றும், அதன்மேல் வந்து உட்காருவதைப் பாசி என்றும் எழுதுகிறேன்.

பாசி முதன்முதலில் அறிவியலுக்குள் நுழைந்தது வில்லனாக அல்ல. மெழுகுவர்த்தி எரித்துக் கெட்டுப்போன காற்றை ஒரு புதினாக் கொத்து திருத்திவிடுகிறது என்று 1771இல் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. சில வருஷம் கழித்து, இங்கிலாந்தின் கான் என்ற சிற்றூரில் அவர் இருந்தபோது, தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்த ஜாடிகளில் ஒரு பச்சைப் படலம் தானாக உண்டானது. அதிலிருந்து கிளம்பிய குமிழிகள் மிகச் சுத்தமான காற்றாக இருந்தன. நாம் இப்போது ஆக்சிஜன் என்கிறோம். அந்தப் பச்சைப் பொருள் செடிதானா என்பதே முதலில் அவருக்குத் தெளிவாகவில்லை. யான் இங்கன்ஹூஸ் என்ற டச்சு மருத்துவர் 1779 கோடையில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, பச்சைப் பாகங்கள் வெளிச்சத்தில் மட்டும்தான் இந்தக் காற்றை விடுகின்றன என்று காட்டினார். ஆக்சிஜன் விஷயத்தில் செடி செய்கிற அதே உபகாரத்தைப் பாசியும் செய்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசுவார்கள்.

இனி லண்டன். 1849. அப்போதிக்கரிஸ் ஹால் என்ற மருந்தாளர் சங்கக் கட்டடத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் வேலை பார்த்தார். லண்டன் வேதியியல் சங்கத்தை 1841இல் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர். அவர் சுமார் 12 கேலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணலும் சேறும் சுண்ணாம்புக் கல்லும் போட்டு, ரெண்டு சின்னத் தங்கமீன் விட்டு, வாலிஸ்னேரியா என்ற நாடா மாதிரி நீண்ட இலையுள்ள நீர்ச்செடியை நட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்பது கணக்கு. வேதியியல்காரருக்கே உரிய சுத்தமான சமன்பாடு.

சமன்பாடு சில நாள்தான் ஓடியது. வாலிஸ்னேரியாவின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியிலும் மற்ற இடங்களிலும் பச்சை வழுவழுப்பு படர்ந்தது. மீன்கள் செத்துவிடும் என்ற நிலை. இந்த இடத்தில் வாரிங்டன் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அவர் மருந்து தேடவில்லை. குளத்தில் இதே இலைகள் அழுகத்தானே செய்கின்றன, அங்கே யார் சுத்தம் செய்கிறார்கள் என்று யோசித்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்து வந்து விட்டார். அழுகல் இலையையும் பச்சை வழுவழுப்பையும் அவை தின்று தீர்த்தன. அவை இட்ட முட்டைக் கூழ் மீனுக்குத் தீனியானது. 1850 மார்ச்சில் இதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். நன்னீர் மீன்தொட்டியின் பிறப்புச் சான்றிதழ் என்றே அந்தக் கட்டுரையைச் சொல்லலாம். பாசித் தொல்லையும் அதன் முதல் வைத்தியமும் அந்தச் சான்றிதழிலேயே பதிவாகியிருக்கு!

கட்டுரையைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. 'மீனும் செடியும் இருந்தால் தொட்டி தானாகச் சமநிலைக்கு வரும்' என்பது மட்டும் ஊரெல்லாம் பரவியது. நத்தை அலங்காரப் பொருளாகிவிட்டது. அதைவிட, அழுகல் இலைதான் கலக்கத்தின் தொடக்கம் என்று வாரிங்டன் கண்ணால் பார்த்துச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வேலையாள் அந்தத் தொட்டியில் இருந்தான். வாரிங்டனுக்கும் அவனைத் தெரியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை யார் மாற்றினார்கள்? மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருந்த நுண்ணுயிரிகள். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அந்தத் தொட்டி வைத்த வருஷம் பத்துப் பதினோரு வயதாக இருந்த வாரிங்டனின் மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். பின்னாளில் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை செய்து, மண்ணில் அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு வேறொரு நுண்ணுயிரியால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது என்று காட்டியவர். அந்த நுண்ணுயிரிகளைத் தனியாகப் பிரித்தெடுத்த பெருமை 1890வாக்கில் ரஷ்யர் செர்கே வினோகிராட்ஸ்கிக்குப் போனது. இன்று புதுத் தொட்டி வைக்கிற பையன் 'டேங்க் சைக்கிள் ஆச்சா?' என்று கேட்கிறானே, அது மகன் வாரிங்டனின் துறை. அப்பாவின் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்ததை மகன் வயலில் கண்டுபிடித்தார்.

1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரி ரத்தாகியிருந்தது. 1853 மே மாதம் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் வீடு திறந்தார்கள். அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வாரியம்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், நடுத்தர வீடுகளில் எல்லாம் ஜன்னலோரம் ஒரு தொட்டி. ஜெர்மனியில் எமில் ரோஸ்மேஸ்லர் 1856இல் எழுதிய 'கண்ணாடிக்குள் ஏரி' என்ற கட்டுரை அங்கே அதே வேலையைச் செய்தது. ஜன்னலோரம் என்பதைக் கவனிக்கணும். அந்தக் காலத்தில் வேறு வெளிச்சம் ஏது? வெயில் பட்ட தொட்டி பச்சைக் குழம்பாக மாறியது. வாரிங்டனே வெளிச்சம் மேலேயிருந்து மட்டும் விழும்படி சாய்வான முதுகு கொண்ட தொட்டியை வடிவமைத்தார். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர் ஹாம்பர்க்கிலும் (1864), லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் (1871) பெரிய பொது அக்வாரியங்களை அமைத்தபோது, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தொட்டியைத் தரைக்கடியில் கட்டி, தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிட்டார். 'லைட்டைக் குறை' என்ற யோசனைக்கு இவர்கள்தான் மூதாதையர். ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரியவிடாதே என்று இன்று சொல்வது அதே பேச்சின் மின்சார வடிவம்.

ஆனாலும் 'சமநிலை' என்ற சொல் சாகவில்லை. பழைய தண்ணீர்தான் நல்ல தண்ணீர், மாற்றாதே என்று சுமார் நூறு வருஷம் புத்தகத்துக்குப் புத்தகம் காப்பியடித்தார்கள். நியூயார்க் அக்வாரியத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 1949இல் இதை நேரடியாகத் தாக்கிக் கட்டுரை எழுதினார். சமநிலைத் தொட்டி ஒரு கட்டுக்கதை என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. மீனைக் காப்பாற்றுவது செடி அல்ல, தண்ணீரின் மேற்பரப்பு. காற்று அங்கேதான் உள்ளே போகிறது, வெளியே வருகிறது என்றார். உண்மைதான். ராத்திரி விளக்கணைத்தால் செடியும் பாசியும் மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கின்றன. மேற்பரப்பு இல்லையென்றால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

நடுவில் விஷ வைத்தியம் ஒன்றும் வந்தது. அமெரிக்க விவசாயத் துறையின் மூர், கெல்லர்மன் என்ற இருவர் 1904இல், குடிநீர்த் தேக்கங்களில் பாசியைக் கொல்ல மிகச் சிறிய அளவு மயில்துத்தம் போதும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். மயில்துத்தம் என்றால் காப்பர் சல்ஃபேட். தேக்கத்துக்குச் சரி. தொட்டியில் போட்டால் பாசியைத் தின்னும் நத்தையும் இறாலும் பாசிக்கு முன்னால் சாகும். அத்தோடு விடுவோம்.

இனி பாஸ்பேட். வழக்கின் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1960களில் அமெரிக்கா, கனடா எல்லையில் உள்ள பேரேரிகள் பச்சையாகிக்கொண்டிருந்தன. சோப்புத்தூளில் உள்ள பாஸ்பேட்தான் காரணம் என்றார்கள் சிலர். இல்லை, கார்பன்தான் காரணம் என்றது சோப்பு வியாபாரத்தின் பக்கம். கனடாவில் ஒண்டாரியோவின் வடமேற்கில், ஆள் நடமாட்டம் குறைவான காட்டுக்குள் சின்னச் சின்ன ஏரிகளை ஆய்வுக்கென்றே 1968இல் ஒதுக்கினார்கள். டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான குழு அங்கே வேலை செய்தது. அதில் 226 என்று எண்ணிட்ட ஏரி உடுக்கை மாதிரி நடுவில் இடுங்கியது. 1973இல் அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் குறுக்கே கட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். ஆகாயத்திலிருந்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு பாதி கருநீலம், மறு பாதி பச்சைப் பெயின்ட் கொட்டினது போல. ஒரு படம் ஒரு வாதத்தை முடித்துவைத்தது என்றால் அது இதுதான். சோப்புத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு வந்ததற்கு இந்த ஏரிகளும் காரணம்.

ஏரியில் நிரூபணமானதைத் தொட்டிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பாஸ்பேட் என்றால் பாசி. கடைகளில் பாஸ்பேட் உறிஞ்சும் பொட்டலங்கள் வந்தன. 1996இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர் இணையத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செடி வைத்த தொட்டியில் பாசியைக் கட்டுப்படுத்துவது பற்றி அந்தக் காலத்தில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். செடிக்கு வேண்டிய நைட்ரேட், பொட்டாசியம், மெக்னீசியம், இரும்பு முதலான எல்லாவற்றையும் தாராளமாகக் கொடு, பாஸ்பேட்டை மட்டும் கொடுக்காதே. இருக்கிற பாஸ்பேட்டைச் செடி முந்திக்கொண்டு இழுத்துவிடும், பாசி பட்டினி கிடக்கும் என்றார்கள். விலை உயர்ந்த ஜெர்மன் சொட்டு உரத்துக்குப் பதிலாகத் தாங்களே கலந்த உரத்துக்கு 'ஏழையின் சொட்டு மருந்து' என்கிற அர்த்தத்தில் ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்தார்கள். பிஎம்டிடி என்று இன்றும் பழைய ஆட்கள் சொல்வது அதைத்தான்.

அவர்கள் தொட்டியில் பாசி உண்மையிலேயே குறைந்தது. நிறையப் பேர் செய்து பார்த்தார்கள், அவர்களுக்கும் குறைந்தது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ரெண்டு பேரும் பொறுமையாக அளந்து, குறித்து வைத்து, அடுத்தவர் சோதித்துப் பார்க்கும்படி எழுதினார்கள். பார்த்தது சரி. சொன்ன காரணம்தான் பாதி. அதுவரை நைட்ரேட்டையே எதிரியாக நினைத்துப் பட்டினி போட்ட தொட்டிகளில், முதன்முறையாகச் செடிக்கு நைட்ரஜனும் பொட்டாசியமும் கிடைத்தன. செடி எழுந்து நின்றது. பாசி குறைந்தது. பாராட்டு 'பாஸ்பேட் இல்லாமைக்கு'ப் போய்ச் சேர்ந்தது.

கலிபோர்னியாவின் டாம் பார் இந்த முடிச்சை அவிழ்த்தார். சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் குழாய்த் தண்ணீரிலேயே பாஸ்பேட் அதிகம் உள்ள ஊர்கள் உண்டு. கோட்பாட்டின்படி அங்கே தொட்டிகள் பாசிக் குட்டையாக இருந்திருக்கணும். அப்படி இல்லை. அவர் வேண்டுமென்றே பாஸ்பேட் சேர்த்துப் பார்த்தார். பாசி வரவில்லை, கண்ணாடியிலும் இலையிலும் பச்சைப் பொட்டு வைக்கிற வகை குறையவே செய்தது. எல்லாச் சத்தையும் கொஞ்சம் கூடுதலாகப் போடு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிக் கணக்கைச் சரிசெய் என்ற முறை அவர் மூலமாகப் பரவியது. 'எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்' என்று அதற்குப் பெயர்.

அப்போ ஷிண்ட்லரின் ஏரி பொய்யா? இல்லவே இல்லை. ஏரியில் பேசினது தண்ணீரில் மிதக்கும் பாசியைப் பற்றி. லிட்டருக்கு ஏறக்குறைய 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் தாண்டினாலே அது சத்து மிகுந்த ஏரி என்று கணக்கு. நம்ம தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, மீன் அதைத் தின்று கழித்தாலே அந்த அளவெல்லாம் சர்வசாதாரணம். கடையில் விற்கும் பரிசோதனைக் குப்பிகளால் அவ்வளவு நுணுக்கமாக அளக்கவும் முடியாது. பாசிக்குத் தேவை கொஞ்சம், செடிக்குத் தேவை அதிகம். பாஸ்பேட்டை உறிஞ்சி எடுத்துப் பட்டினி போட்டால் முதலில் சாய்வது செடிதான். சாய்ந்த செடியின் இலை கசிகிறது, அழுகுகிறது. அதன்மேல் பாசி உட்காருகிறது. தொட்டிக்காரர் இன்னும் ஒரு பொட்டலம் வாங்கிப் போடுகிறார். இப்படி எத்தனை தொட்டி கலைந்திருக்கும், எத்தனை பேர் 'எனக்குக் கை ராசி இல்லை' என்று மீனை யாருக்கோ கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்! இந்தத் துறையில் எனக்கு வருத்தம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

கரியமில வாயு பற்றியும் சொல்லணும். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதுவும் தண்ணீரில் காற்றைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். நீருக்குள் செடிக்கு முதல் பஞ்சம் இதுதான். ஜெர்மனியில் காஸ்பர் ஹார்ஸ்ட், ஹார்ஸ்ட் கிப்பர் இருவரும் 1980களில் எழுதிய புத்தகம் சிலிண்டர் வைத்து வாயு கொடுக்கும் முறையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஜப்பானில் தகாஷி அமானோ அதை அழகியலாக்கினார். நிகாட்டாவில் 1954இல் பிறந்தவர், தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர், 1982இல் தன் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் தொட்டிகளின் படங்கள் வந்தபோது, தண்ணீருக்குள் இப்படி ஒரு புல்வெளியா என்று வாய் பிளந்தார்கள். இலையில் ஒரு அழுக்கு இருக்காது. படம் எடுப்பதற்கு முன் யார் துடைத்தார்கள்? ஜப்பானிய ஓடைகளில் வாழும் ரெண்டு அங்குல இறால்கள்! யமாட்டோ நூமா இறால் என்பது ஊர்ப்பெயர். இன்று உலகம் முழுக்க 'அமானோ இறால்' என்றால்தான் தெரியும். வாரிங்டனின் நத்தைக்குப் பிறகு வந்த பெரிய துப்புரவுத் தொழிலாளி இவர். ஒரு சிக்கல், இதன் குஞ்சு வளர உப்புத்தண்ணீர் வேண்டும். வீட்டு நன்னீர்த் தொட்டியில் முட்டை போடும், குடும்பம் பெருகாது.

லிஸ்பன் கடல்காட்சியகத்தில் அமானோ அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி 2015இல் திறந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அவர் காலமானார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் டயானா வால்ஸ்டாட் போனார். 1999இல் வந்த அவருடைய புத்தகத்தில் சிலிண்டர் கிடையாது, உரக்குப்பி கிடையாது. அடியில் தோட்டத்து மண், மேலே மிதக்கும் செடிகள். மிதக்கும் இலைக்குக் கரியமில வாயு காற்றிலிருந்தே கிடைக்கும். அது வெளிச்சத்தையும் மறைத்து, சத்தையும் இழுத்துப் பாசிக்கு மிச்சம் வைக்காது. பாரின் முறையும் வால்ஸ்டாடின் முறையும் எதிரெதிர். ரெண்டிலும் பாசி அடங்குகிறது. எனக்குத் தெரிந்தவரை ரெண்டுக்கும் பொது ஒன்றுதான்: வெளிச்சம் கேட்கிற வேகத்துக்குச் செடிக்குச் சாப்பாடு கிடைக்கிறது, செடி நிற்காமல் வளர்கிறது.

கறுப்புப் பாசியிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வேகமாக வளரும் தண்டுச் செடியின் புதுத் துளிரில் அது உட்காராது. மாசக்கணக்கில் ஒரே இலையை வைத்திருக்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவற்றின் ஓரங்கள்தான் அதன் வீடு. சிவப்புப் பாசிகளில் நன்னீர் வகைகள் பலவும் ஓடும் ஆற்றுநீரில் வாழ்பவை. அதனால்தான் ஃபில்டர் தண்ணீர் விழும் குழாய் வாயில் முதலில் தலைகாட்டுகிறது. கரியமில வாயு ஒருநாள் ஏறி ஒருநாள் இறங்குகிற தொட்டியில் இது அதிகம் என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். ஆய்வுக்கூட நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் தொட்டியிலும் பார்த்தது அதுதான். வந்த இலையை வெட்டி எடுப்பது முதல் வேலை. கல்லிலும் குழாயிலும் இருந்தால் தொட்டியை விட்டு வெளியே எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தடவினால் ஒன்றிரண்டு நாளில் இளஞ்சிவப்பாக மாறும். அது செத்த நிறம். பிறகு இறாலே தின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப் குழாய்களைக் கிருமிநீக்கம் செய்யும் குளூட்டரால்டிஹைடின் ஒரு வடிவம் 'திரவக் கார்பன்' என்ற பெயரில் குப்பியில் விற்கிறது. சிஓடூ சிலிண்டருக்குப் பதில் என்று விற்றார்கள். இது கறுப்புப் பாசியைக் கொல்கிறது என்பதை வாங்கினவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கொல்லும், சந்தேகமில்லை. கையில் படாமல், மூக்கருகே கொண்டுபோகாமல் பயன்படுத்தணும். ஒரே ஒரு செடிக்கு மட்டும் இது பெரும்பாலும் ஆகாது, ரெண்டு மூணு நாளில் இலை உருகிக் கூழாகிவிடும். எந்தச் செடி? வாலிஸ்னேரியா. 1849இல் வாரிங்டன் முதன்முதலாக நட்ட அதே செடி.

மருந்துக்குப் போகாமல் பாசி தின்னும் மீன் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கறுப்புப் பாசியை நிஜமாகத் தின்னும் மீன் சயாமீஸ் ஆல்கே ஈட்டர். 'சைனீஸ் ஆல்கே ஈட்டர்' என்று விற்பது வேறு. அது சீனாவில் பிறந்ததும் இல்லை, தாய்லாந்துப் பக்கத்து மீன். வளர்ந்தபின் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் உடம்பை உறிஞ்சப் போகும். கடையில் ஒரே பெயரில் மூணு நாலு மீன் ஒரே தொட்டியில் கிடக்கும். உடம்பில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள். அது வால் துடுப்பின் நுனிவரை போகணும், ஓரம் கொஞ்சம் ரம்பப்பல் மாதிரி இருக்கணும். கோட்டுக்கு மேலே தங்க நிறப் பட்டை பளபளவென்று இருந்தால் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ். கோடு வால் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டால் அது இன்னொன்று. சின்னதாக வாங்குங்கள், தீனியைக் குறைத்துப் போடுங்கள். வயிறு நிறைந்தால் அதுவும் பாசியைத் திரும்பிப் பார்க்காது.